மறு எண்ணிக்கை யாருடைய உரிமை?

2016 மே 19. திண்டிவனம் தனித் தொகுதியில் திமுக வேட்பாளர் பி.சீத்தாபதி பெற்ற ஓட்டு 61,879. அதிமுக வேட்பாளர் எஸ்.பி.ராஜேந்திரன் பெற்றது 61,778. வித்தியாசம் 101. இருவரும் சேர்ந்து வாங்கிய 1,23,657 ஓட்டில் ஆயிரத்துக்கு ஒன்று என்றுகூடக் கணக்குச் சொல்ல முடியாத இடைவெளி. 51 பேர் ஒருவருக்குப் போட்ட ஓட்டை மற்றவருக்கு மாற்றிப் போட்டிருந்தால் கோட்டைக்குப் போயிருப்பவர் வேறொருவர். விடியற்காலையில் மரக்காணம் உப்பளத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் இரண்டு வண்டிகளில் அந்த 51 பேரும் அடங்கிவிடுவார்கள்.

அதே நாளில் காட்டுமன்னார்கோவிலில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் தொல்.திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். அவர் பெற்றது 48,363. வென்ற அதிமுகவின் என்.முருகுமாறன் பெற்றது 48,450. தெற்கே ராதாபுரத்தில் வித்தியாசம் 49. மாநிலத்தின் மிகக் குறைந்த மூன்று வித்தியாசங்களில் இரண்டு பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் விழுந்தன. இது தற்செயல் இல்லை. திமுக, அதிமுக, தனித்து நின்ற பாமக, தேமுதிகவும் மக்கள் நலக் கூட்டணியும் சேர்ந்த அணி, பாஜக, நாம் தமிழர் என்று ஓட்டு பல துண்டாகப் பிரிந்த தேர்தல் அது. பாமக நிறுவனர் மருத்துவர் ராமதாஸின் தைலாபுரம் தோட்டம் இருப்பது திண்டிவனத்துக்குப் பக்கத்தில். அதிமுகவின் சி.வி.சண்முகமும் திண்டிவனம் பகுதிக்காரர். எந்தக் கட்சியும் இன்னொன்றுக்கு இளைத்ததில்லை என்ற நிலைமை உள்ள மண்ணில், கூட்டணி ஒன்று விலகினாலே வெற்றி தோல்வி நூலிழைக்கு வந்துவிடும்.

அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பும் இதே பகுதி இதைப் பார்த்திருக்கிறது. தொகுதி மறுவரையறையில் திண்டிவனம் மக்களவைத் தொகுதி மறைந்து விழுப்புரம் தனித் தொகுதி உருவானது. அதன் முதல் தேர்தல் 2009-இல் நடந்தது. அதிமுகவின் எம்.ஆனந்தன் 3,06,826; விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் கே.சுவாமிதுரை 3,04,029. வித்தியாசம் 2,797. ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அடங்கிய ஒரு மக்களவைத் தொகுதியில் இது, சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்நூறு ஓட்டுகூட இல்லை.

ஓட்டு வித்தியாசம் குறைவாக இருப்பதில் தவறொன்றும் இல்லை. மக்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள் என்பதே அதன் பொருள். ஒரே ஓட்டில் வென்றவரும் முழு உறுப்பினர்தான். என் கவலை வேறு. இப்படி முடியும் தேர்தலில் எண்ணிக்கை சரிதானா என்று மறுபடி பார்ப்பதை நமது சட்டம் தோற்றவரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. அவர் கேட்டால் உண்டு, கேட்காவிட்டால் இல்லை. ஓட்டுப் போட்ட லட்சக்கணக்கான பேருக்கு இதில் எந்த இடமும் இல்லை. இது மாற வேண்டும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே வித்தியாசம் இறங்கினால், யாரும் கேட்காமலேயே ஓட்டுகள் மறுபடி எண்ணப்பட வேண்டும்.

இப்போதைய நடைமுறை என்ன? 1961-ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தும் விதிகளில் 63-ஆவது விதி இதைச் சொல்கிறது. கடைசிச் சுற்று முடிந்து ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற மொத்த ஓட்டைத் தேர்தல் நடத்தும் அலுவலர் அறிவித்ததும், வேட்பாளரோ அவருடைய முகவரோ எழுத்துப்பூர்வமாக, காரணம் காட்டி, மறு எண்ணிக்கை கேட்கலாம். அலுவலர் முழுவதுமாக ஏற்கலாம், ஒரு பகுதியை மட்டும் ஏற்கலாம், அற்பமானது அல்லது நியாயமற்றது என்று தோன்றினால் தள்ளிவிடலாம். எந்த முடிவானாலும் காரணத்தோடு எழுதித் தர வேண்டும். முடிவுத் தாளான 20-ஆம் எண் படிவத்தில் அவர் கையெழுத்திட்டுவிட்டால் அதற்குப் பிறகு மறு எண்ணிக்கை கேட்க முடியாது. அந்தக் கையெழுத்துக்கு முன் வேட்பாளர்களுக்கு நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது விதி. அது எவ்வளவு நேரம்? அலுவலர்களுக்கான கையேடு சொல்வது, ஒன்றிரண்டு நிமிடம் நிறுத்திப் பார்க்கவும் என்று.

எண்ணும் மையத்தின் கடைசி நேரத்தை நினைத்துப் பாருங்கள். காலை எட்டு மணியிலிருந்து கம்பி வலைத் தடுப்புக்கு வெளியே நின்று, பூத்தில் பதிவான ஓட்டைக் குறித்த 17சி படிவத்தில் உள்ள எண்ணையும் ஓட்டு இயந்திரத்தின் கன்ட்ரோல் யூனிட் திரையில் வரும் எண்ணையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டே இருந்த முகவர்கள் சோர்ந்துபோயிருப்பார்கள். முன்னிலை கைமாறிக்கொண்டே வந்திருக்கும். வெளியே ஒரு பக்கம் பட்டாசு. உள்ளே ஒருவர் ஒரு தாளில், எந்த மேசையில் எந்தச் சுற்றில் என்ன தவறு என்று சட்டத்துக்கு ஒத்த மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய கட்சியின் வேட்பாளருக்கு வழக்கறிஞர் அணி பக்கத்தில் இருக்கும். சின்னக் கட்சிக்காரருக்கும் சுயேச்சைக்கும்? அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் சரியான வாசகத்தை எழுதத் தெரிந்தவருக்குக் கிடைக்கும் உரிமையை உரிமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த நேரம் தப்பினால் மிச்சம் இருப்பது தேர்தல் வழக்கு. முடிவு வந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் விசாரணையை முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே கேட்டுக்கொள்கிறது. அந்த வேண்டுகோளுக்கு என்ன மதிப்பு என்பதை ராதாபுரம் காட்டியது.

அங்கே அதிமுகவின் ஐ.எஸ்.இன்பதுரை 69,590 ஓட்டும், திமுகவின் மு.அப்பாவு 69,541 ஓட்டும் பெற்றார்கள். 203 தபால் ஓட்டுகள் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. அவற்றில் சான்றொப்பமிட்ட தலைமையாசிரியர்கள் அதற்கு உரிய அதிகாரிகள் அல்ல என்பது சொல்லப்பட்ட காரணம். வித்தியாசம் 49, ஒதுக்கப்பட்டவை அதைப் போல நான்கு மடங்கு. அப்பாவு வழக்குத் தொடுத்தார். 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நீதிபதி ஜி.ஜெயச்சந்திரன், அந்தத் தபால் ஓட்டுகளையும் 19, 20, 21-ஆம் சுற்று இயந்திர ஓட்டுகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டார். தேர்தல் முடிந்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அக்டோபர் 4-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் எண்ணிக்கை நடந்தது. அதே நாளில் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சட்டமன்றத்தின் ஐந்தாண்டு முடியும்வரை அந்த முடிவு வெளியே வரவில்லை.

அந்த ஐந்தாண்டு எப்படிப்பட்ட ஐந்தாண்டு என்பதையும் மறக்கக் கூடாது. 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி 122 பேர் ஆதரவோடு நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றார். செப்டம்பரில் 18 உறுப்பினர்கள் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்கள். ஆட்சி நிலைக்குமா என்று ஒவ்வொரு உறுப்பினரின் தலையையும் எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. அந்த அவையில் ஓர் இருக்கைக்கு உரியவர் யார் என்ற கேள்வி நீதிமன்றத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. பிறகு, 2021-இல் அப்பாவு வென்று பேரவைத் தலைவரானார். 2025-இல் இன்பதுரை மாநிலங்களவைக்குப் போனார். வேட்பாளர்கள் இருவருக்கும் வேறு வழி பிறந்தது. 2016-இல் தாங்கள் தேர்ந்தெடுத்தது யாரை என்பதை அந்த ஐந்தாண்டுக்குள் அறியாமல் போனவர்கள் ராதாபுரத்து மக்கள். நட்டம் வேட்பாளருடையது மட்டும் என்று சட்டம் நினைப்பதால் வரும் விளைவு இது.

இத்தனைக்கும் இதே சட்டத்தின் வேறு பகுதிகள் அப்படி நினைக்கவில்லை. தேர்தல் வழக்கை வேட்பாளர் மட்டுமல்ல, தொகுதியின் எந்த வாக்காளரும் தொடுக்கலாம். தொடுத்தவர் தன் விருப்பப்படி திரும்பப் பெற முடியாது. நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். திரும்பப் பெற்றாலோ மனுதாரர் இறந்தாலோ அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும். 14 நாளுக்குள் வழக்குத் தொடுக்கத் தகுதியுள்ள இன்னொருவர் அந்த இடத்தில் வந்து நிற்கலாம். தேர்தல் வழக்கு இரண்டு பேருக்கு இடையிலான வாய்க்கால் வரப்புத் தகராறு இல்லை, அதில் ஊருக்குப் பங்கு உண்டு என்று 1951-லேயே எழுதிவைத்த ஞானம் அது. நீதிமன்ற வாசலில் இருக்கும் இந்த ஞானம் எண்ணும் மையத்தின் வாசலில் இல்லாமல் போனது ஏன்?

இந்த ஏற்பாடு காகிதத்தில் இருந்தும் பயன்படாமல் போவதும் உண்டு. கேரளத்தின் மஞ்சேஸ்வரத்தில் 2016-இல் முஸ்லிம் லீகின் பி.பி.அப்துல் ரசாக் 89 ஓட்டில் வென்றார். தோற்ற பாஜகவின் கே.சுரேந்திரன் கள்ள ஓட்டு நடந்ததாக வழக்குப் போட்டார். விசாரணை நீண்டது. 2018-இல் ரசாக் காலமானார். அடுத்த ஆண்டு சுரேந்திரன் வழக்கைத் திரும்பப் பெற்றார். உண்மை என்ன என்ற கேள்விக்கு விடை இல்லாமலே இடைத்தேர்தல் வந்தது.

மறு எண்ணிக்கை என்றாலே முடிவு மாறும் என்று எதிர்பார்ப்பவர்களுக்குத் தென்காசியைச் சொல்ல வேண்டும். 2021-இல் காங்கிரஸின் பழனி நாடார் அதிமுகவின் செல்வமோகன்தாஸ் பாண்டியனை 370 ஓட்டில் வென்றார். வழக்கில் தபால் ஓட்டுகளை மறுபடி எண்ண உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, 2023 ஜூலையில் எண்ணினார்கள். பழனி நாடாரின் வெற்றி உறுதியானது. நியாயமாக வென்றவர் இரண்டு ஆண்டுக்கும் மேல் சந்தேகத்தின் நிழலில் உட்கார வேண்டியிருந்தது. முதல் வாரத்திலேயே இதை முடித்திருந்தால் அவருக்கும் நல்லது, தோற்றவருக்கும் நல்லது.

மாறிய முடிவுக்கும் உதாரணம் இருக்கிறது. ஹரியாணாவின் பானிப்பட் மாவட்டத்தில் புவானா லாகு என்ற ஊரின் ஊராட்சித் தலைவர் தேர்தல் 2022 நவம்பரில் நடந்தது. ஒரு பூத்தில் ஒருவருக்கு விழுந்த ஓட்டு இன்னொருவர் பெயரில் எழுதப்பட்டதாகப் புகார். கடைசியில் உச்ச நீதிமன்றம் இயந்திரங்களைத் தன் வளாகத்துக்கே வரவழைத்து, பதிவாளர் முன்னிலையில், வீடியோ பதிவோடு எண்ண வைத்தது. ஒருவருக்கு 1,051, இன்னொருவருக்கு 1,000. தோற்றவர் என்று அறிவிக்கப்பட்டவரே வென்றவர் என்று 2025 ஆகஸ்டில் தெரிந்தது. இயந்திரத்தில் யாரும் கை வைக்கவில்லை. மனிதர் எழுதும்போது நேர்ந்த பிழை அது. எண்ணுகிறவர்களும் மனிதர்கள் என்பதால் வரும் இந்தப் பிழை எந்த ஊரிலும் வரலாம். நாள் முழுக்கத் தூங்காமல் எண்ணும் ஆசிரியர்களையும் வருவாய்த் துறையினரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவர்கள் மேல் வீண்பழி விழாமல் இருக்கவும் இரண்டாவது எண்ணிக்கைதான் உதவும்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று. திண்டிவனம் தனித் தொகுதி. காட்டுமன்னார்கோவில் தனித் தொகுதி. 2009-இன் விழுப்புரம் மக்களவைத் தொகுதியும் தனித் தொகுதி. பட்டியல் சமூகத்தவர் மட்டுமே போட்டியிடக்கூடிய தொகுதிகளில் முடிவு நூலிழையில் தொங்கும்போது, சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளும் செலவை வேட்பாளரின் தலையில் கட்டுவது இரட்டிப்பு அநீதி. சட்டமன்றத்துக்கு நிற்கப் பட்டியல் சமூக வேட்பாளருக்கு வைப்புத்தொகை 5,000 ரூபாய், மற்றவர்களுக்கு 10,000. பணம் ஒரு தடையாகக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சலுகை. ஆனால் முடிவைச் சோதிக்கும் கட்டம் வந்ததும் அந்தக் கரிசனம் காணாமல் போகிறது. தேர்தல் வழக்குக்குக் கட்ட வேண்டிய காப்புத்தொகை 2,000 ரூபாய்தான். மூன்று ஆண்டு சென்னைக்கும் டெல்லிக்கும் அலைவதற்கும் மூத்த வழக்கறிஞர்களுக்கும் ஆகும் தொகையை யார் கொடுப்பது? கட்சி கைகொடுத்தால் உண்டு. இல்லையென்றால் வழக்குத் தாள்கள் வீட்டு அலமாரிக்குப் போகும்.

2024 ஏப்ரல் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலும் இதே கோணல். இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் ஏழு நாளுக்குள் கேட்டால், ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 சதவீத இயந்திரங்களைச் சோதிக்கலாம் என்றது. செலவு கேட்பவருடையது, குளறுபடி நிரூபணமானால் திரும்பக் கிடைக்கும். ஆரம்பத்தில் தேர்தல் ஆணையம் கேட்ட கட்டணம் ஓர் இயந்திரத் தொகுப்புக்கு வரியோடு 47,200 ரூபாய். அது அதிகம் என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு குறைத்தார்கள். குறைந்தாலும், வாக்காளரின் ஐயத்துக்கு வேட்பாளரின் பையிலிருந்து பணம் போக வேண்டும் என்ற ஏற்பாடு அப்படியே இருக்கிறது.

தானாக நடக்கும் மறு எண்ணிக்கைக்கு எதிராக இரண்டு வாதங்கள் உண்டு. முதலாவது, ஓட்டின் ரகசியம். 1964-இலிருந்து உச்ச நீதிமன்றம் ஓட்டுப் பெட்டியைத் திறந்து பார்க்க அனுமதிப்பதில் கடுமையாக இருந்துவந்திருக்கிறது. வித்தியாசம் குறைவு என்பது மட்டுமே காரணமாகாது என்றும் சொல்லியிருக்கிறது. எண்ணிட்ட வாக்குச்சீட்டுகளின் காலத்தில் அந்தக் கண்டிப்புக்குப் பொருள் இருந்தது. இன்று, போட்ட ஓட்டைக் காகிதச் சீட்டில் அச்சிட்டுக் காட்டும் விவிபாட் பெட்டிக்குள் விழும் சீட்டில் வாக்காளர் யார் என்று காட்டும் எதுவும் இல்லை. அதை எண்ணுவதால் யாருடைய ரகசியமும் கெடாது. அந்தச் சீட்டு இல்லாத காலத்தில் மறு எண்ணிக்கை என்றால் அதே பொத்தானை மறுபடி அழுத்தி அதே எண்ணைப் படிப்பதுதான். 2016-இல் தமிழகத்தில் மிகச் சில தொகுதிகளில் மட்டுமே விவிபாட் இருந்தது. இப்போது எல்லா பூத்திலும் இருக்கிறது. வாக்காளர் ஏழு நொடி கண்ணால் பார்த்து உறுதிசெய்த அந்தச் சீட்டுகளில், தொகுதிக்கு ஐந்து பூத் சீட்டுகளை மட்டும் எண்ணிவிட்டு மற்றவற்றைக் கட்டிவைக்கிறோம்.

இரண்டாவது வாதம், தாமதம். எல்லாத் தொகுதியிலும் பாதி பூத் சீட்டுகளை எண்ணினால் முடிவு ஐந்து, ஆறு நாள் தள்ளிப்போகும் என்று 2019-இல் ஆணையம் நீதிமன்றத்தில் சொன்னது. நான் கேட்பது எல்லாத் தொகுதியிலும் அல்ல. ஒரு தொகுதியில் 270 பூத் என்று வைத்துக்கொள்வோம். 14 மேசையில் பூத்துக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் இருபது மணி நேரம். ஓட்டுப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவே வாரக்கணக்கில் காத்திருக்கும் மக்கள் இன்னொரு நாள் பொறுக்க மாட்டார்களா?

எல்லை எது என்பது பேசி முடிவு செய்ய வேண்டியது. அமெரிக்காவின் புளோரிடாவில் வித்தியாசம் அரை சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் சட்டப்படி தானாகவே மறு எண்ணிக்கை தொடங்கும். 2000-இல் ஜார்ஜ் புஷ் அங்கே 537 ஓட்டில் வென்றதாக முடிந்த கதையை உலகமே பார்த்தது. அங்கும் கடைசியில் நீதிமன்றம்தான் முடித்துவைத்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணத் தொடங்குவதற்கு யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. நம் சட்டமன்றத் தொகுதிக்குச் செல்லுபடியான ஓட்டில் அரை சதவீதம் என்று வைத்தால் சுமார் ஆயிரம் ஓட்டு வரும். ஒரு பொதுத் தேர்தலில் 234 தொகுதிகளில் பத்துப் பதினைந்து அளவில்தான் அந்த எல்லைக்குள் விழக்கூடும். அந்தப் பத்துப் பதினைந்திலும் சீட்டுகள் முழுவதையும் எண்ண வேண்டும். நிராகரித்த தபால் ஓட்டுகளை வேட்பாளர் அனைவரின் முகவர்கள் முன்னிலையிலும் ஒவ்வொன்றாகக் காட்டி, காரணத்தை எழுத வேண்டும். செலவு ஆணையத்துடையது.

தபால் ஓட்டைப் பொறுத்தவரை ஆணையம் பாதி வழி வந்துவிட்டது. நிராகரிக்கப்பட்ட தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையைவிட வித்தியாசம் குறைவாக இருந்தால், யாரும் கேட்காவிட்டாலும் அவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது இப்போதுள்ள அறிவுறுத்தல். 2025 செப்டம்பரில், தபால் ஓட்டு முடியும்வரை இயந்திரங்களின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடும் இந்தக் காலத்தில் இவை நல்ல முடிவுகள். தபால் உறைக்கு ஏற்றுக்கொண்ட கொள்கையை விவிபாட் சீட்டுக்கு மறுப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

இதற்கு நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றக் காத்திருக்க வேண்டியதில்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 169-ஆவது பிரிவின்படி, ஆணையத்தைக் கலந்து மத்திய அரசே விதியைத் திருத்தலாம். 2024 டிசம்பர் 9-ஆம் தேதி பஞ்சாப் - ஹரியாணா உயர் நீதிமன்றம் தேர்தல் ஆவணங்களையும் வீடியோ பதிவுகளையும் மனுதாரருக்குத் தரச் சொன்னது. டிசம்பர் 20-ஆம் தேதி 93-ஆவது விதி திருத்தப்பட்டு அந்தப் பதிவுகள் பொதுப் பார்வையிலிருந்து விலக்கப்பட்டன. பதினொரு நாள். கதவை மூடுவதற்குக் காட்டிய இந்த வேகத்தை, திறப்பதற்கும் காட்டட்டும்.

கேட்க வேண்டிய இடத்தில் கேட்க விழுப்புரத்துக்கு ஆள் இருக்கிறார். 2019-லும் 2024-லும் இந்தத் தொகுதி மக்கள் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் து.ரவிக்குமாரை மக்களவைக்கு அனுப்பினார்கள். 2009-இல் இதே தொகுதியில் 2,797 ஓட்டில் தோற்றதும், 2016-இல் காட்டுமன்னார்கோவிலில் 87 ஓட்டில் தோற்றதும் அவருடைய கட்சிதான். 63-ஆவது விதியில் இந்தத் திருத்தத்தைக் கேட்டு மக்களவையில் ஒரு தனிநபர் தீர்மானத்தை அவர் கொண்டுவர வேண்டும். அதைக் கட்சி பார்க்காமல் மற்றவர்களும் ஆதரிக்க வேண்டும். திண்டிவனத்தில் 101-ஆல் வென்ற கட்சிக்கும் தோற்ற கட்சிக்கும் அதில் சம அளவு அக்கறை இருக்க வேண்டும். 2021-இல் அதே சீத்தாபதி அதே தொகுதியில் அதிமுகவின் பி.அர்ஜுனனிடம் தோற்றார். வென்ற பக்கமும் தோற்ற பக்கமும் ஐந்தாண்டில் இடம் மாறிவிடும் ஊர் இது.